செகண்ட் ஹேண்ட் ஹெட்போன்: பாதி விலை வேறு, நியாய விலை வேறு

"வாங்கினது 30,000 ப்ரோ. ரெண்டு வருஷம்தான் ஆகுது, சரியா யூஸ் கூட பண்ணல. 15,000-க்கு தர்றேன். பாதி விலை!"

ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப் என்று எங்கே நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் தேடினாலும் இந்த வசனம் ஏதோ ஒரு வடிவத்தில் வந்து நிற்கும். படித்தவுடன் நம் மனசும் ஒரு கணக்குப் போடும்: 15,000 மிச்சம்!

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனை செகண்ட் ஹேண்டில் வாங்குவது புத்திசாலித்தனமான முடிவுதான். ஆனால் மேலே இருக்கும் அந்த 15,000 ரூபாய் டீலில் வாங்கினால், பெரும்பாலும் புதிதாக வாங்குவதைவிட உங்களுக்கு அதிகம் செலவாகும். கேட்க விசித்திரமாக இருக்கும். கணக்கைப் பார்த்தால் புரிந்துவிடும். வீடியோவில் இதை வேகமாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டியிருக்கும். இங்கே நிதானமாகவே பார்க்கலாம்.

முதலில், எதற்குக் காசு கொடுக்கிறோம்?

"நாய்ஸ் கேன்சலிங்" என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் விற்கப்படுகின்றன. செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் பாதிக் குழப்பம் இங்கேதான்.

ஒன்று, ஏஎன்சி. ஹெட்போனில் இருக்கும் மைக் வெளிச் சத்தத்தைப் பிடிக்கும். உள்ளே இருக்கும் சிப் அதற்கு நேரெதிரான ஒலி அலையை உருவாக்கும். இரண்டும் மோதி, உங்கள் காதில் சத்தம் அடங்கும். நாம் பெரிய தொகை கொடுப்பது இதற்குத்தான்.

இரண்டு, ஈஎன்சி. இது நீங்கள் போன் பேசும்போது உங்கள் பக்கத்துச் சத்தத்தை எதிர்முனையில் இருப்பவருக்குக் கேட்காமல் குறைக்கும். உங்கள் காதுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. விளம்பரத்தில் "நாய்ஸ் கேன்சலேஷன் உண்டு" என்று போட்டிருக்கும் மலிவான பல மாடல்களில் இருப்பது இதுதான்.

மூன்று, வெறும் பஞ்சு. காதை நன்றாக மூடிக்கொண்டால் கொஞ்சம் சத்தம் குறையத்தான் செய்யும். காதில் விரல் வைத்தாலும் குறையும்.

ஆகவே விற்பவரிடம் முதல் கேள்வி விலை பற்றியதாக இருக்கக் கூடாது. மாடல் பெயரை முழுசாகக் கேளுங்கள். வாங்கி, அது ஏஎன்சி உள்ள மாடல்தானா என்று தயாரித்த நிறுவனத்தின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஏஎன்சி விமான எஞ்சின் இரைச்சலை எதிர்த்து வளர்ந்த தொழில்நுட்பம். போஸ் நிறுவனம் 1989-ல் விமானிகளுக்கான ஹெட்செட்டாகத்தான் இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனால் ஒரே சீராக வரும் கனமான சத்தத்தை – ஏசி, ஃபேன், பஸ் எஞ்சின், ஜெனரேட்டர் – இது அற்புதமாக அடக்கும். ரூம்மேட் போனில் பேசுவது, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், தெருவில் ஹாரன் இதெல்லாம் குறையும், ஆனால் மறையாது. உங்கள் பிரச்சினை ஓஎம்ஆர் போகும் பஸ் இரைச்சல் என்றால் இந்தக் காசு பலன் தரும். பிஜி அறையில் மூன்று பேர் பேசும் சத்தம்தான் பிரச்சினை என்றால், எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வாங்குங்கள்.

ஹெட்போன் சரி, இயர்பட்ஸ் வேண்டாம்

செகண்ட் ஹேண்ட் என்றாலே "பேட்டரி போயிருக்கும்" என்று பயப்படுகிறோம். காதை மூடும் பெரிய ஹெட்போனுக்கு இந்தப் பயம் அவ்வளவாகத் தேவையில்லை. காரணத்தை எண்ணிக்கையிலேயே பாருங்கள்.

சோனி எக்ஸ்எம்4, எக்ஸ்எம்5 மாதிரி ஹெட்போன்கள் ஏஎன்சி போட்ட நிலையில் ஒரு சார்ஜுக்கு 30 மணி நேரம் வரை ஓடும் என்கிறது நிறுவனம். ஒருவர் வாரத்துக்கு ஐந்து நாள், தினமும் நாலு மணி நேரம் போடுகிறார் என்று வைப்போம். வாரம் 20 மணி நேரம். ஆண்டுக்குச் சுமார் 1,040 மணி நேரம். அதை 30-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 35 முழு சார்ஜ்தான். லித்தியம் பேட்டரி சில நூறு முழு சார்ஜ் தாங்கும். ஆக, மூன்று வருடம் ஆன ஹெட்போனில்கூட சார்ஜ் எண்ணிக்கையால் வந்த தேய்மானம் கம்மி. காரிலும் வெயிலிலும் வைத்துச் சூடாக்கியிருந்தால், மாதக்கணக்கில் சார்ஜே இல்லாமல் பீரோவில் போட்டிருந்தால்தான் கவலை. "யூஸே பண்ணல ப்ரோ" என்பது எப்போதும் நல்ல செய்தி இல்லை என்பதும் இதில் அடக்கம்.

இதையே இயர்பட்ஸுக்குப் போடுங்கள். காதுக்குள் போகும் அந்தக் குட்டி பேட்டரி ஒரு சார்ஜுக்கு ஐந்தாறு மணி நேரம்தான் வரும். அதே நாலு மணி நேரப் பயன்பாட்டுக்கு ஆண்டுக்கு 200 முழு சார்ஜ் நெருக்கிவிடும். மூன்று வருடத்தில் 600. பேட்டரியை மாற்றுவதும் பெரும்பாலும் நடக்காத காரியம். இன்னொருவர் காதுக்குள் இருந்தது என்ற சுத்தப் பிரச்சினை வேறு. செகண்ட் ஹேண்ட் இயர்பட்ஸ் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம் என்பதுதான் என் நிலை.

அந்த 30,000-ஐ மறந்துவிடுங்கள்

விற்பவர் வாங்கிய விலை அவருடைய கதை. நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சோனி எக்ஸ்எம்4 2020-ல் இந்தியாவுக்கு வந்தபோது விலை 29,990. அதற்குப் பிறகு 2022-ல் எக்ஸ்எம்5, 2025-ல் எக்ஸ்எம்6 என்று அடுத்தடுத்த மாடல்கள் வந்துவிட்டன. புது மாடல் வந்தால் பழையதன் கடை விலை இறங்கும். தீபாவளி ஆஃபரில் இன்னும் இறங்கும். ஆனால் விற்பவர் மனசில் மட்டும் 29,990 கல்வெட்டு மாதிரி அப்படியே நிற்கும். பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பியும் அப்படித்தான்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரே எண்: இன்றைக்கு இதே பொருள் புதிதாக, பில்லோடு, வாரண்டியோடு என்ன விலைக்குக் கிடைக்கிறது? அந்த மாடல் கடையிலேயே இல்லையென்றால், அதற்கு இணையான வேலை செய்யும் புது மாடலின் விலையை எடுங்கள். இரண்டு மூன்று தளங்களில் பாருங்கள். ஒரு பெரிய கடையில் போன் போட்டுக் கேளுங்கள். பத்து நிமிட வேலை. இந்தப் பத்து நிமிடம்தான் பல ஆயிரம் ரூபாயை முடிவு பண்ணும்.

நாலு படி கணக்கு

புரிவதற்காக, இன்றைய புது விலை 20,000 என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் ஹெட்போன் இரண்டு வருடம் பழையது.

படி 1: இன்றைய புது விலை – 20,000.

படி 2: மிச்சமிருக்கும் ஆயுள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இந்த வகை ஹெட்போன் ஐந்து வருடம் உழைக்கும் என்று நான் கணக்கு வைக்கிறேன். இரண்டு போனால் மிச்சம் மூன்று. 20,000-ல் ஐந்தில் மூன்று பங்கு – 12,000.

படி 3: வாரண்டி இல்லாததற்குக் கழிவு. நாளைக்கே ஒரு பக்கம் ஊமையானால் செலவு முழுக்க உங்கள் தலையில்தான். அந்த ரிஸ்க்குக்கு 15 சதவீதம் கழியுங்கள். 12,000-ல் 1,800 போனால் – 10,200. பில்லும் மிச்ச வாரண்டியும் இருந்தால் 5 சதவீதம் கழித்தால் போதும்.

படி 4: உடனே செய்ய வேண்டிய செலவு. இரண்டு வருடம் ஆன ஹெட்போனுக்கு இயர் பேட் மாற்ற வேண்டிவரும். அதற்கு 1,000 ஒதுக்குங்கள். மிச்சம் – 9,200.

இதுதான் நியாய விலை: ஒன்பதாயிரத்துச் சொச்சம். விற்பவர் கேட்பது 15,000.

இப்போது ஆரம்பத்தில் நான் சொன்ன விஷயத்துக்கு வருவோம். ஒரு பொருளின் உண்மையான விலை, அது உழைக்கும் ஒரு வருடத்துக்கு எவ்வளவு ஆகிறது என்பதுதான்.

- புதிதாக 20,000, ஐந்து வருடம்: வருடத்துக்கு 4,000.
- 15,000 டீல், பேட் செலவு 1,000 சேர்த்து 16,000, மூன்று வருடம்: வருடத்துக்கு 5,333.
- நியாய விலை 9,200, பேட் சேர்த்து 10,200, மூன்று வருடம்: வருடத்துக்கு 3,400.

பார்த்தீர்களா? "பாதி விலை" டீல் மூன்றிலும் காஸ்ட்லி. வாரண்டியும் இல்லை, பேட்டும் பழசு, அதற்கு மேல் வருடத்துக்கு 1,333 கூடுதல் தண்டம்.

"ஐந்து வருடம் என்று நீங்களே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு பேசுகிறீர்களே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏழு வருடம் உழைக்கும் என்றே வைப்போம். ஏழில் ஐந்து பங்கு சுமார் 14,285. 15 சதவீதம் கழித்தால் 12,140. பேட்டுக்கு 1,000 போனால் 11,140. அப்போதும் 15,000 வரவில்லை. இத்தனைக்கும் ஏழு வருடம் என்றால் நடுவில் ஒருமுறை பேட்டரி மாற்ற வேண்டியிருக்கலாம். அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இந்தக் கணக்குக்கு மேல் ஒரு கூரையும் உண்டு. பத்தாயிரம் ரூபாய்க்குள் ஓரளவு நல்ல ஏஎன்சி ஹெட்போன் புதிதாகவே கிடைக்கிறது. உயர்ந்த மாடல் அளவுக்கு இருக்காது. ஆனால் ஒரு வருட வாரண்டியோடு வரும். அதனால் செகண்ட் ஹேண்டுக்கு 12,000, 13,000 என்று பேச்சு ஏறும்போதெல்லாம் "இந்தக் காசுக்குப் புதிதாக என்ன கிடைக்கும்?" என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நேரில் இருபது நிமிடம்

கணக்கு சரியாக வந்தால் மட்டும் நேரில் போங்கள். போகும் முன் ஒரு உதவி கேளுங்கள்: ஃபுல் சார்ஜ் போட்டு, ஏஎன்சி ஆன் பண்ணி, நாலு மணி நேரம் பாட்டு ஓடவிட்டு, பேட்டரி எவ்வளவு காட்டுகிறது என்று ஸ்கிரீன்ஷாட். 30 மணி நேர ஹெட்போனில் நாலு மணி நேரத்துக்குப் 13 சதவீதம்தான் இறங்க வேண்டும். 80-க்கு மேல் காட்டினால் நல்லது. 70 காட்டினால் மொத்தமே 13 மணி நேரம்தான் வரும். பேட்டரி பாதிக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். பேட்டரி மாற்றும் செலவை விசாரித்து விலையில் கழியுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

சந்திக்கும் இடம் ஏசி ஓடும் காபி ஷாப், ஆபீஸ் லாபி மாதிரி இருக்கட்டும். ஆள் நடமாட்டமும் இருக்கும், ஏஎன்சியைச் சோதிக்க ஏசி சத்தமும் இருக்கும். பார்க்க வேண்டியவை இவை:

இயர் பேட். அழுத்திப் பாருங்கள், சப்பையாகப் போயிருக்கிறதா, தோல் உரிகிறதா? நம் ஊர் வெக்கையிலும் வியர்வையிலும் செயற்கைத் தோல் சீக்கிரம் உரியும். இது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. பேட் காதைச் சுற்றி இறுக்கமாக மூடினால்தான் ஏஎன்சி சரியாக வேலை செய்யும். இடைவெளி இருந்தால் சத்தம் அந்த வழியாக உள்ளே வந்துவிடும். பேட் மாற்றினால் சரியாகிவிடும் என்பதால் இது பேரத்துக்கான விஷயம், பயப்பட வேண்டாம்.

ஏஎன்சி. பாட்டு இல்லாமல் மாட்டிக்கொண்டு ஆன், ஆஃப் செய்து பாருங்கள். ஏசி இரைச்சல் சட்டென்று அடங்க வேண்டும். பிறகு தலையை ஆட்டுங்கள், தாடையை அசையுங்கள், நாலு அடி நடந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் "கீச்" என்று விசில், கரகரப்பு, "குபுகுபு" என்று சத்தம் வந்தால் மைக்கிலோ உள் போர்டிலோ கோளாறு. இதற்குத் தள்ளுபடி கேட்காதீர்கள். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். நாய்ஸ் கேன்சலிங் வேலை செய்யாத நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் எந்த விலைக்கும் நஷ்டம்தான்.

மடிப்பும் ஹெட்பேண்டும். நீட்டி, திருப்பி, மடித்துப் பாருங்கள். விரிசல், ஃபெவிகுவிக் தடம் இருக்கிறதா? எக்ஸ்எம்5-ல் பேண்டும் கப்பும் சேரும் இடம் உடைவதாகப் பயனர்கள் பலர் புகார் சொல்லியிருக்கிறார்கள். அந்த மாடல் என்றால் அங்கே கூடுதல் கவனம்.

கால். ஒரு நண்பருக்குப் போன் போட்டுப் பேசுங்கள். மீட்டிங்குக்குத்தானே வாங்குகிறோம்.

லேப்டாப், போன் இரண்டும். ஒரே நேரத்தில் இரண்டிலும் இணைகிறதா பாருங்கள். எக்ஸ்எம்4-ல் இந்த வசதி உண்டு. அதற்கு முந்தைய எக்ஸ்எம்3-ல் இல்லை. தினமும் லேப்டாப்புக்கும் போனுக்கும் மாறுகிறவருக்கு இந்த ஒரு வசதி ஆயிரம் ரூபாய் பெறும்.

சார்ஜிங் போர்ட். உங்கள் கேபிளைக் கொண்டுபோங்கள். செருகி லேசாக அசைத்துப் பாருங்கள். போஸ் க்யூசி35 மாதிரி பழைய மாடல்களில் மைக்ரோ யூஎஸ்பி இருக்கும்; அதற்கென்று தனி கேபிள் சுமக்க வேண்டும்.

ஆப். இதுதான் போலியைப் பிடிக்கும் எளிய வழி. சோனி, போஸ் இரண்டுக்குமே சொந்த ஆப் உண்டு. உங்கள் போனில் முன்னாடியே போட்டுக்கொண்டு போங்கள். ஹெட்போன் ஆப்பில் இணைந்து, மாடல் பெயரையும் மென்பொருள் பதிப்பையும் காட்ட வேண்டும். புளூடூத்தில் "சோனி" என்று பெயர் வந்தால் மட்டும் போதாது. பெயரை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். "ஆப் எல்லாம் தேவையில்ல ப்ரோ, சவுண்ட் கேளுங்க" என்றால் எழுந்துவிடுங்கள்.

ஏர்பாட்ஸ் மேக்ஸ் என்றால் இன்னொரு வேலை: விற்பவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து அதை உங்கள் கண் முன்னால் நீக்க வேண்டும். நீக்காமல் வாங்கினால் அது அவர் பெயரிலேயே பூட்டிக் கிடக்கும்.

யாருடைய பொருள்?

விலை சரி, சோதனையும் சரி. இன்னும் ஒரு கேள்வி மிச்சம்: இதை விற்க இவருக்கு உரிமை இருக்கிறதா?

போனுக்கு ஐஎம்இஐ எண் இருக்கிறது. திருடு போனால் முடக்கலாம். ஹெட்போனுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. அதனால் பஸ்ஸில், கஃபேயில் காணாமல் போன ஹெட்போன் சந்தைக்கு வருவது சுலபம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின் கீழ் குற்றம். பில்லும் இல்லை, பெட்டியும் இல்லை, சொந்த போனில் ஏற்கெனவே இணைந்தும் இல்லை, விலை மட்டும் நாலாயிரம் என்றால், அது அதிர்ஷ்டம் இல்லை. அதுதான் அந்தக் "காரணம்".

ஐடி ஊழியர்களுக்குத் தனியாக ஒன்று. வேலையை விட்டுப் போகிறவர்கள் சிலர், கம்பெனி கொடுத்த ஜாப்ரா, பாலி ஹெட்செட்டை "எக்ஸ்ட்ரா இருந்தது" என்று விற்பது உண்டு. பின்பக்கம் அசெட் ஸ்டிக்கரோ, ஸ்டிக்கர் கிழித்த பசைத் தடமோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது அவருடையது இல்லை, கம்பெனியுடையது. அதே கம்பெனியில் நீங்களும் வேலை பார்த்தால் மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்தது என்றால், வாரண்டி பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு 15 சதவீதத்தையே கழியுங்கள். வெளிநாட்டு பில்லை நம்பி இங்கே கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

"லாஸ்ட் ப்ரைஸ் என்ன ப்ரோ?"

இந்தக் கேள்வியோடு பேச்சை ஆரம்பிக்காதீர்கள். பொருளைப் பார்க்காமல், எதுவும் விசாரிக்காமல், முதல் மெசேஜே "லாஸ்ட் ப்ரைஸ்" என்றால் விற்பவர் உங்களைப் பத்தோடு பதினொன்றாகத்தான் பார்ப்பார். பதிலாக இப்படி அனுப்பிப் பாருங்கள்:

"வணக்கம். உங்க எக்ஸ்எம்4 விளம்பரம் பார்த்தேன். எந்த மாசம் வாங்கினது, பில் இருக்கா? பேட் மாத்தியிருக்கீங்களா? எல்லாம் சரியா இருந்தா நேர்ல பார்த்து, அப்பவே பணம் கொடுத்து வாங்கிக்கிறேன்."

அப்புறம் விலை பேசும்போது உங்கள் கணக்கை மறைக்காமல் காட்டுங்கள். "இதே மாடல் இன்னைக்குப் புதுசு 20,000. உங்களுது ரெண்டு வருஷம், வாரண்டி இல்லை, பேட் மாத்தணும். எனக்கு 9,000 கிட்ட வருது. நீங்க என்ன சொல்றீங்க?" அவர் 10,000 என்பார். பொருள் நன்றாக இருந்தால் 9,500-ல் முடியுங்கள். 500 ரூபாய்க்காக நல்ல பொருளை விட வேண்டாம்.

நியாய விலை என்பது நமக்கு மட்டும் நியாயமாக இருந்தால் போதாது. விற்பவரும் பெரும்பாலும் நம்மைப் போல மாதச் சம்பளக்காரர்தான்; ஊர் மாறுகிறவராக இருக்கலாம், வேலை போனவராகவும் இருக்கலாம். அவர் அவசரம் தெரிந்துகொண்டு ஒன்பதாயிரம் பெறும் பொருளை நாலாயிரத்துக்கு அடிப்பதை நான் சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டேன். நாளைக்கு நாமும் அந்தப் பக்கம் நின்று ஏதாவது விற்க வேண்டி வரும். பேட் புதுசாக மாற்றி, பில் பெட்டி எல்லாம் பத்திரமாக வைத்திருக்கும் ஒருவர் ஆயிரம் ரூபாய் கூடக் கேட்டால், கொடுங்கள். அந்தப் பொறுப்புக்கு விலை உண்டு.

பணம் கொடுக்கும்போது

அட்வான்ஸ் கிடையாது. "இன்னொருத்தர் கேட்கிறார், 2,000 போட்டு புக் பண்ணிக்கோங்க" என்றால் அந்த இன்னொருவருக்கே கிடைக்கட்டும். "நான் ஆர்மியில் இருக்கேன், கூரியரில் அனுப்புறேன்" என்பது ரொம்பப் பழைய ஏமாற்று வேலை. ஐடி கார்டு போட்டோ அனுப்பினாலும் நம்ப வேண்டாம்.

சோதித்து முடித்து, பொருள் கைக்கு வந்த பிறகு யூபிஐயில் அனுப்புங்கள். ரொக்கத்தைவிட இது நல்லது. யாருக்கு, எப்போது, எவ்வளவு கொடுத்தோம் என்ற பதிவு இருக்கும். பில்லின் போட்டோவும், "இந்தத் தேதியில் இந்த மாடலை இந்த விலைக்கு விற்றேன்" என்று ஒரு வரி மெசேஜும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பாடு நீங்கள் விற்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: பணம் வாங்குவதற்கு க்யூஆர் ஸ்கேன் பண்ணத் தேவையில்லை, பின் நம்பர் போடத் தேவையில்லை. பின் போட்டால் காசு போகும், வராது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு போன் பண்ணுங்கள்.

இஎம்ஐயில் புதுசே வாங்கிடலாமே?

இந்தக் கேள்வி நிச்சயம் வரும். நோ காஸ்ட் இஎம்ஐ என்ற பெயரில் "நோ காஸ்ட்" என்பது முழு உண்மை இல்லை. கிரெடிட் கார்டு இஎம்ஐயில் வட்டித் தொகையைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார்கள். ஆனால் அந்த வட்டி மேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டியும், பிராசசிங் ஃபீயும் நீங்கள்தான் கட்ட வேண்டும். தொகை சின்னதுதான். எனக்குப் பிரச்சினை அந்தத் தொகை இல்லை. ஏற்கெனவே போன் இஎம்ஐ, பைக் இஎம்ஐ ஓடும் சம்பளத்தில் மூன்றாவதாக ஒன்று சேரும்போது, மாசக் கடைசியில் கை கடிப்பது இன்னும் நாலு நாள் முன்னாடியே ஆரம்பிக்கும். 

புதுசுதான் வேண்டும் என்றால் அதிலும் தப்பில்லை. கையில் காசு சேர்த்து, ஆஃபர் காலத்தில் வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் தேடுபவர்களுக்கும் அதே காலம்தான் நல்லது: தீபாவளி ஆஃபர் முடிந்த வாரங்களில் புதுசு வாங்கியவர்கள் பழையதை விற்க வருவார்கள், புது விலையும் இறங்கியிருக்கும், உங்கள் படி 1 எண்ணும் குறைந்திருக்கும்.

எங்கள் உதாரணத்தில் நியாய விலையில் வாங்கியவருக்குப் பேட் மாற்றியும் கையில் 9,800 மிச்சம். அதை எமர்ஜென்சி ஃபண்டில் போட்டால் ஒரு மாச ரூம் வாடகை ரெடி. ஹெட்போன் வெளிச் சத்தத்தை அடக்கும். வாடகை பற்றிய கவலையை அடக்க அந்தப் பணத்தால்தான் முடியும்.

இந்த வாரம் ஒரு விளம்பரத்தைப் பார்த்து வைத்திருக்கிறீர்களா? மெசேஜ் அனுப்பும் முன் அந்த நாலு படியை ஒரு பேப்பரில் போடுங்கள். வருகிற எண்ணுக்கு ஐந்நூறு ஆயிரம் மேலே இருந்தால் பேசிப் பாருங்கள். அதைத் தாண்டினால், விற்பவர் எவ்வளவு இனிமையாக "ப்ரோ" என்றாலும், அடுத்த விளம்பரத்துக்குப் போங்கள். ஹெட்போன்கள் வந்துகொண்டேதான் இருக்கும்.